மலைப் பக்கம் திரும்புங்கள்

எங்கள் முக்குளிப்பு கிளப் படகில் கழிப்பறை கிடையாது. ஆறு மீட்டர் ரப்பர் படகு. பின்னால் எஞ்சின், நடுவில் காற்றுச் சிலிண்டர் அடுக்க ஒரு சட்டம், ஓட்டுபவர் நிற்க ஒரு மேடை, அவ்வளவுதான். ஆத்திர அவசரம் என்றால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நிற்கவோ குந்தவோ வேண்டும். போக வேண்டியவர் "மலை!" என்று கத்துவார். உடனே மற்ற எல்லோரும் கில்லரி முகத்துவாரத்தில் நிற்கும் பெரிய மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். போனவர் "முடிஞ்சுது" என்று சொல்லும்வரை யாரும் திரும்பக் கூடாது. மழையில் மலை தெரியாவிட்டாலும் அந்தப் பக்கம்தான். நான் சேர்ந்து இருபத்தாறு வருடமாகிறது. ஒருவரும் இதை மீறிப் பார்த்ததில்லை.

இந்த நல்ல வழக்கத்தை உண்டாக்கியவன் நான் இல்லை. நான் உண்டாக்கியது தங்க சீட்டு.

வீட்டுக் கழிப்பறையை இடித்துக் கட்டியபோது கழற்றிப் போட்ட பழைய மரச் சீட்டு, உட்காரும் வளையம் அது. நான் பள்ளியில் மரவேலை வாத்தியார். பிள்ளைகள் மிச்சம் வைத்த தங்கப் பெயிண்டை அதற்கு அடித்தேன். ஒவ்வொரு டிசம்பரும் கிளப் விருந்தில், அந்த வருடத்தின் பெரிய அசட்டுத்தனம் யாருடையதோ அவர் கழுத்தில் அதை மாட்டுவோம். பெயரைப் படிப்பது பயிற்சி அதிகாரி, அதாவது நான். வெறும் பெயரோடு விடமாட்டேன். கதையாகச் சொல்வேன், நடித்தும் காட்டுவேன். ஃபின்டன் எழுந்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ஊரில் பேச்சு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் எண்டாவுக்கு மாட்டினோம். எண்டா வங்கியில் வேலை பார்த்தவன், கூச்ச சுபாவம். ஒரு மே மாதம் தண்ணீருக்கடியில் அடக்க முடியாமல் உடைக்குள்ளேயே போய்விட்டான். கரையேறியதும் என்னிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னான். ஏழு மாதம் அதைப் பொத்தி வைத்திருந்து விருந்தில் அவிழ்த்துவிட்டேன். அவன் காலை அகட்டி நடந்ததைக் காட்டினேன். "கழுத்து ரப்பர் கசியுது போல" என்று மற்றவர்களிடம் அவன் சமாளித்ததை அவன் குரலிலேயே சொன்னேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எண்டாவும் சிரித்தான், சீட்டை மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். ஜனவரியில் அவன் சந்தா கட்டவில்லை. அதற்குப் பிறகு கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். கிண்டல் தாங்காத ஆள் என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது எனக்கு ஐம்பத்தெட்டு. போன வசந்தத்தில் டாக்டர் புராஸ்டேட் என்றார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அடிக்கடி வரும், வந்தால் நிற்காது. பள்ளியில் பாதி வகுப்பில் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடிச் சமாளித்தேன். கடல் அப்படி விடாது. குளிர்ந்த நீரில் இறங்கினாலே உடம்பு சிறுநீரை முடுக்கிவிடும். எங்கள் உலர் உடையோ, தண்ணீர் புகாதபடி ரப்பர் பட்டி இறுக்கிய கழுத்திலிருந்து பாதம்வரை ஒரே துண்டு. ஜிப் முதுகில், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை. திறக்க இன்னொருவர் கை வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. இளவட்டங்கள் தொடையில் ஒரு வால்வு வைத்து, உள்ளே குழாய் மாட்டிக்கொண்டு, ஜம்மென்று கடலுக்குள்ளேயே போய்விட்டு வருகிறார்கள். அவர்களுக்குக் 'குழாய்க்காரர்கள்' என்று பெயர் வைத்ததே நான்தான். பெரியவர்களுக்கான டயப்பரும் இருக்கிறது. உள்ளூர் மருந்துக்கடையில் கேட்டால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று நாற்பது கிலோமீட்டர் காரோட்டிப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். அது டிக்கியில் உபரிச் சக்கரத்தின் அடியிலேயே கிடந்தது. படகுத்துறையில் எல்லோர் முன்னாலும் உடை மாற்றுகிறோமே, அங்கே எப்படிப் போடுவது?

எனவே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். ஞாயிறு கடல் என்றால் சனி மாலையோடு சரி. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே, வயிறு நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பதுதான். ஆழத்தில் உடம்பில் ஏறிய வாயு, மேலே வரும்போது குமிழாகி ரத்தக்குழாயை அடைத்துவிடும். உடம்பு காய்ந்திருந்தால் அது இன்னும் சுலபம். கால் விழுந்தவர்கள் உண்டு. பாடம் சொல்லிவிட்டு நாக்கு வறண்டு நின்றேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, பருவத்தின் கடைசிக் கடல். அன்று என் மாணவி டெர்வ்லாவுக்குப் பயிற்சி முடிய ஒரே ஒரு முழுக்கு பாக்கி. முப்பது மீட்டருக்கு அவளே வழிநடத்தி, இருபது நிமிடம் அடியில் இருந்துவிட்டு வர வேண்டும். நான் கூடவே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கடலில் தொலைந்தவர்களைத் தேடும் குழுவில் அவள் சேரலாம்.

அதற்குத்தான் அவள் கிளப்புக்கே வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் ஊர் மீனவர் ஒருவரை ஒன்பது நாள் தேடினோம். ஒன்பது நாளும் துறையில் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தவர்களில் அவள் ஒருத்தி. பத்தாம் நாள் என்னிடம் வந்து, "டீ போட்டது போதும், எனக்குக் கத்துக்கொடுங்க" என்றாள். முதியோர் இல்லத்தில் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் லீவு. அந்த இரண்டையும் கொண்டுவந்து கொட்டினாள்.

படகை ஓட்டியவன் மலாக்கி, என் வயதுக்காரன், முப்பது வருடச் சிநேகிதம். துறையை விட்டுக் கிளம்பும்போது வழக்கம்போல் சத்தம் போட்டான்.

"போறவங்க எல்லாம் இப்பவே சுவத்துக்குப் பின்னாடி போயிட்டு வந்துடுங்கப்பா! நடுக்கடல்ல மலையப் பாக்கச் சொன்னா கெட்ட கோவம் வரும்!"

"நான் ரெண்டு தடவ போயாச்சு," என்றாள் டெர்வ்லா. "மூணாவதும் வரும்போல. பயத்துல வருது."

"பயத்துல வந்தா அது கணக்குல இல்லம்மா. ஃபின்டன், நீ?"

"நான் என்ன சின்னப் புள்ளயா?" என்றேன். நான் மூன்று தடவை போயிருந்தேன்.

டெர்வ்லா அருமையாக வழிநடத்தினாள். பாறைச் சுவரை ஒட்டி நிதானமாக இறங்கினாள். ஐந்து மீட்டருக்கு ஒரு தரம் திரும்பி என் கண்ணைப் பார்த்தாள். இருபத்தெட்டு மீட்டரில் பாறை இடுக்கிலிருந்து ஒரு கடல் விலாங்கு தலையை நீட்டியது, அதற்கும் அசரவில்லை. இதைவிடப் பொறுமையாக மூச்சு விடும் மாணவரை நான் பார்த்ததில்லை. ஒன்பதாம் நிமிடம் எனக்கு முட்டியது. பன்னிரண்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பதினான்கில் அடிவயிற்றில் கத்தி செருகியதுபோல் ஆகிவிட்டது. கட்டைவிரலை மேலே காட்டினேன்.

மேலே போவோம் என்று அர்த்தம். யார் காட்டினாலும் உடனே கிளம்ப வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. அது எங்கள் சட்டம். டெர்வ்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். தன் அளவுமானியை என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். பாதிக்கு மேல் காற்று இருந்தது.

குமிழ் உண்டாகாமலிருக்க ஆறு மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் என் பிடி விட்டுவிட்டது. முதலில் வெதுவெதுப்பு, கண்ணில் நீர் வருமளவுக்கு ஒரு நிம்மதி. பிறகு அது கம்பளி உள்ளுடையில் பரவி இரண்டு காலிலும் இறங்கியது. டெர்வ்லா இரண்டடி தள்ளி, நேரத்தை எண்ணிக்கொண்டு மிதந்தாள். வாயில் மூச்சுக் குழாயோடு நான் ஐம்பத்தெட்டு வயதில் அழுதேன்.

படகில் முதலில் நான் ஏறினேன். மலாக்கி கையில் முழுக்குக் கணக்கு எழுதும் சிலேட்டு.

"என்னப்பா அதுக்குள்ள?"

'தோணிச்சு, வந்துட்டோம்' என்று சொல்லியிருக்கலாம். அதற்குமேல் அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டான், சட்டம் அப்படி. ஆனால் என் காதில் எண்டாவுக்குச் சிரித்த சிரிப்புதான் கேட்டது.

"அவளுக்குக் காத்து தீந்துபோச்சு," என்றேன். "பயந்துட்டா போல. கால் சிலிண்டர்தான் மிச்சம்."

மலாக்கி அப்படியே எழுதிக்கொண்டான். படகின் ஓரத்தைப் பிடித்தபடி தண்ணீரில் இருந்த டெர்வ்லா இதைக் கேட்டாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். கோபம்கூட இல்லை. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று ஒரு நொடி யோசித்த முகம்.

"கால் சிலிண்டரா?" என்றாள்.

நான் எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படகு திரும்பியது. வடமேற்குக் காற்று. ஈரக் கம்பளி ஐஸாக மாறியது. பல் தந்தியடித்தது, தொடை நடுங்கியது, விரல்கள் மரத்தன.

"வாங்க, ஜிப்பத் தொறந்துவிடுறேன்," என்றாள் டெர்வ்லா. "மேல ஏதாவது காஞ்சது போட்டுக்கலாம்."

"தொடாத!" என்று கத்தினேன். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை.

மலாக்கி எஞ்சினை அணைத்தான். என் முன்னால் மண்டியிட்டு முகத்தை உற்றுப் பார்த்தான். பாதி முழுக்கில் மேலே வந்தவன், வெளுத்துப்போய் நடுங்குகிறான், உடையைத் தொடவிடமாட்டேன் என்கிறான். அவன் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்விப் பட்டியலை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்.

"தல சுத்துதா?"

"இல்ல."

"கால்?"

"மரத்திருக்கு. குளிருதுடா, அவ்வளவுதான்."

"எறங்கினதுலேருந்து ஒண்ணுக்கு வந்துச்சா?"

பட்டியலில் எட்டாவது கேள்வி. குமிழ் முதுகுத்தண்டில் அடைத்தால் முதலில் நின்றுபோவது சிறுநீர். வரவில்லை, வரும்போலவும் இல்லை என்றால் ஹெலிகாப்டரைக் கூப்பிடு, யோசிக்காதே என்று கரும்பலகையில் அடிக்கோடு போட்டு எழுதியவன் நான்.

"இல்ல," என்றேன்.

"வர்ற மாதிரியாச்சும் இருக்கா?"

"இல்லடா."

மலாக்கியின் முகம் செத்துப்போனது. எழுந்து ரேடியோவை எடுத்தான். "கடலோரக் காவல், கடலோரக் காவல்..." என்று ஆரம்பித்தவன் படகின் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னான். என் சிநேகிதன் என்னை இழக்கப்போகிறோம் என்று பதறுகிறான். நான் வாயைத் திறக்கவில்லை. ஹெலிகாப்டரே வந்தாலும் வரட்டும், அவனுக்குத் தெரியக் கூடாது என்று இருந்தேன். இதைவிடக் கேவலமாக என்னால் என்னைப் பற்றிச் சொல்ல முடியாது.

டெர்வ்லா என் பக்கத்தில் குனிந்தாள். கழுத்து ரப்பரில் விரலை விட்டு லேசாக நீக்கினாள். உள்ளிருந்த காற்று குப்பென்று வெளியே வந்தது. அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. தினமும் எட்டுக் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறவள்.

"மலை!" என்றாள்.

"என்னது?" என்றான் மலாக்கி, ரேடியோவும் கையுமாக.

"மலைன்னு சொல்றேன். அத வெச்சுட்டுத் திரும்புங்க."

மலாக்கி திரும்பினான். முப்பது வருடப் பழக்கம், உடம்பு தானாகத் திரும்பியது.

அவள் ஜிப்பைத் திறந்தாள். "எடது கை. இப்ப வலது. நில்லுங்க, என்னப் பிடிச்சுக்குங்க. கால்." இல்லத்துக் கிழவர்களிடம் பேசும் அதே குரல், அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை. ஈர உள்ளுடையை உருவிப் பையில் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டாள். தன் பையிலிருந்து துண்டும், காய்ந்த கம்பளிச் சட்டையும், பெரிய கால்சட்டையும் எடுத்து எனக்கு மாட்டிவிட்டாள். சட்டையின் நெஞ்சில் ஒரு கலைமான் படம்.

"முடிஞ்சுது," என்று எனக்காக அவளே சொன்னாள். "குளிர்தான் மலாக்கி, வேற ஒண்ணுமில்ல. கழுத்து ரப்பர் கசிஞ்சு உள்ள நனஞ்சிருக்கு."

எண்டா சொன்ன அதே பொய். அவளுக்கு அது தெரியாது.

"படுபாவி, உசுரே போயிடுச்சு எனக்கு," என்று மலாக்கி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, ரேடியோவில் உதவி வேண்டாம் என்று சொன்னான். பிறகு அவளைப் பார்த்து, "கவலப்படாத பொண்ணே. மூச்ச நிதானமா விடக் கத்துக்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றான். அவள் முடிச்சுப் போட்ட பையை என் காலடியில் வைத்தாள். நான் அப்போதும் உள்ளதைச் சொல்லவில்லை.

துறையில் மலாக்கி படகைக் கரைக்கு இழுக்க டிராக்டரைக் கொண்டுவரப் போனதும் அவளிடம் போனேன். காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் பயிற்சி ஃபாரத்தக் குடு," என்றேன். "கையெழுத்துப் போட்டுடறேன். இருபது நிமிசம்னு எழுதிக்கலாம்."

"நான் பதினாலு நிமிசம்தான இருந்தேன்?"

"அது என்னாலதான..."

"நாளைக்கு ஒருத்தர் புள்ளயத் தேடி எறங்குறப்ப, செய்யாத முழுக்கக் கணக்குல வெச்சுக்கிட்டா எறங்கச் சொல்றீங்க?" டீயை என்னிடம் நீட்டினாள். "குடிங்க. முழுசாக் குடிங்க. நேத்துலேருந்து ஒண்ணும் குடிக்கல, இல்ல? உதடு பாத்தாலே தெரியுது. அந்த விசயம் நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். என் காத்தப் பத்தி மட்டும் உள்ளதச் சொல்லிடுங்க, போதும்."

"சொல்றேன்," என்றேன்.

சொல்லவில்லை. நவம்பரில் கமிட்டி கூடியது. மலாக்கி சிலேட்டில் இருந்ததைப் படித்தான். நல்ல பெண், ஆனால் ஆழத்தில் பயந்து காற்றைக் குடிக்கிறாள், தேடல் குழுவுக்கு ஆகாது, ஆரம்பப் பயிற்சியிலிருந்து மறுபடி வரட்டும் என்றான். ஒரு வருடம் பின்னால் தள்ளுவது. பயிற்சி அதிகாரி சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சம்மதம் என்று கையைத் தூக்கினேன். அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்க்காமல் பல் விளக்கினேன்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, மதியம், கிளப் விருந்து. ஓட்டலின் மாடியில் முப்பது பேர், வான்கோழியும் பன்றித் தொடையும் உருளைக்கிழங்கும். டெர்வ்லா வரமாட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வந்தாள். சாப்பாடு முடிந்ததும் மலாக்கி தங்க சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு துண்டுக் காகிதத்தையும் என் கையில் வைத்தான். பார்க்காமலே தெரிந்தது. 'டெர்வ்லா, காற்றுக் குடித்ததற்காக.'

எழுந்தேன். படித்தேன். குரல் என்னுடையதாக இல்லை. கதை சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. மலாக்கி உறிஞ்சுவதுபோல் சத்தம் போட்டு அந்தக் குறையைத் தீர்த்துவைத்தான். சிரித்தார்கள். டெர்வ்லா எழுந்து வந்தாள், தலையைக் குனிந்து கொடுத்தாள், நான் மாட்டினேன். என் கை அவள் தோளில் பட்டது. என் ஜிப்பைத் திறந்த கை அவளுடையது.

வாங்கியவர் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம்.

"பேசு! பேசு!" என்று மேசைகளைத் தட்டினார்கள்.

அவள் அவர்களைப் பார்க்கவில்லை. கழுத்தில் அந்தத் தங்க வளையத்தோடு என்னையே பார்த்தாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்.

"மலை!"

சிரிப்பு ஓட்டலையே ஆட்டியது. ஆனால் எல்லோரும் திரும்பினார்கள். முப்பது பேரும் நாற்காலியை இழுத்துப்போட்டு, ஜன்னல் பக்கம், மழையில் தெரியாத மலைப் பக்கம். சமையல்காரர்கூட எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். என்ன செய்யப்போகிறாளோ என்று காத்திருந்தார்கள். சிரிப்பு மெல்ல அடங்கியது. அவள் ஒன்றும் செய்யவில்லை. அவளும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் புரிந்தது, இது அவளுக்காகச் சொன்னது இல்லை. எனக்காக.

"காத்து அவளோடது தீரல," என்றேன். முதுகுகளைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. "பாதிக்கு மேல இருந்துச்சு. எனக்குத்தான் அடக்க முடியல. மேல கூட்டிட்டு வந்தது நான். ஆறு மீட்டர்ல உடைக்குள்ளயே போயிட்டேன். அதச் சொல்ல வெக்கப்பட்டு அவ மேல பழியப் போட்டேன். மலாக்கி, ஒண்ணுக்கு வந்துச்சான்னு நீ கேட்டப்ப பொய் சொன்னேன். கமிட்டியில கையும் தூக்கினேன். அவளப் போல நிதானமா மூச்சு விடுறவங்க இந்தக் கிளப்புல யாரும் கெடையாது. நானும் சேத்துதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ முள்கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. மலாக்கியின் காது பின்னாலிருந்து பார்க்கவே சிவந்திருந்தது. திரும்பாமலே கேட்டான்.

"முடிஞ்சுதா, ஃபின்டன்?"

முடிஞ்சுது என்று சொன்னால் எல்லோரும் திரும்பிவிடுவார்கள். வாய்வரை வந்துவிட்டது. கதவோரம் இருந்த காலி நாற்காலி கண்ணில் பட்டது. அந்த வருடம் அவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான், கழுத்தில் சீட்டோடு, போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு.

"இல்ல," என்றேன். "யாரும் திரும்பாதீங்க. எண்டா விசயம் இருக்கு."